பழைய ஏர்கன்னும் விற்பவர் பேச்சும்: வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டனில் பழைய காற்றுத் துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்பவர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் இரண்டே வகை. கையில் இருக்கும் துப்பாக்கி எந்தக் காலத்தது என்று கேட்பவை ஒரு வகை. விற்பனை விளம்பரங்களிலும் சேகரிப்பாளர்களின் பேச்சிலும் அடிபடுகிற, சாதாரண ஆங்கில அகராதியைப் புரட்டினால் அகப்படாத வட்டாரச் சொற்களுக்குப் பொருள் கேட்பவை மற்றொரு வகை. இரண்டையும் பிரிக்காமல் கலந்தே பதில் தருகிறோம். பழைய துப்பாக்கியைத் தேடிப் போகிறவர் விற்பவரின் பேச்சைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது.

கேள்வி: இங்கிலாந்தில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பரணில் ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்திய சின்னம் அதில் இருக்கிறது. இது முதல் உலகப் போருக்கு முற்பட்டது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் அடித்துச் சொல்கிறார். எப்படி உறுதி செய்வது?

பதில்: பெரியவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், அரை நூற்றாண்டு தள்ளியும் இருக்கலாம்; சின்னத்தை மட்டும் வைத்து அதை முடிவு செய்ய முடியாது. அது பி.எஸ்.ஏ. எனப்படும் பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் வணிகச் சின்னம். பர்மிங்காமின் துப்பாக்கித் தொழிலாளர்கள் சிலர் 1861-இல் ஒன்றுகூடித் தொடங்கிய அந்த நிறுவனம், ஸ்மால் ஹீத் பகுதியில் ஆலை அமைத்து, பிற்பாடு சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் செய்து உலகெங்கும் பெயர் பெற்றது. சின்னம் பல தலைமுறைகளாக மாறாமல் வந்ததால் அது யார் செய்தது என்பதைச் சொல்லுமே தவிர, எப்போது செய்தது என்பதைச் சொல்லாது.

காலத்தின் கீழ் எல்லை நமக்கு நன்றாகவே தெரியும். லிங்கன் ஜெஃப்ரிஸ் என்ற பர்மிங்காம் துப்பாக்கித் தொழிலாளர் 1904-இல் காப்புரிமை பெற்ற அமைப்பை வைத்து, 1905-இல்தான் பி.எஸ்.ஏ. காற்றுத் துப்பாக்கி செய்யத் தொடங்கியது. ஆகவே அதற்கு முற்பட்ட பி.எஸ்.ஏ. காற்றுத் துப்பாக்கி என்று ஒன்று இருக்கவே முடியாது. ஜெஃப்ரிஸின் அமைப்பில் குழல் அசையாமல் நிற்கும். குழலுக்கு அடியில் உள்ள நெம்புகோலைக் கீழே இழுத்தால் உள்ளேயிருக்கும் சுருள்வில் இறுகும். ரவையை இடுவதற்குக் குழலின் பின்முனையில் குழாய்த் திருகு போன்ற சிறு அடைப்பான் ஒன்று திரும்பும். அதற்கு முன்பு பரவலாக விற்ற மலிவான துப்பாக்கிகளில் குழலையே மடக்கி வில்லை இறுக்க வேண்டியிருந்ததால், மூட்டு தளரத் தளரக் குறியும் தளர்ந்தது. அசையாத குழல் அந்தக் குறையைத் தீர்த்தது.

எனவே முதலில் நீங்கள் பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, துப்பாக்கி எப்படித் திறக்கிறது என்பதை. அடியில் நெம்புகோலும் மேலே திருகும் இருந்தால் பெரியவரின் பேச்சுக்கு இடம் உண்டு. குழல் நடுவில் மடிந்தால் முதல் போருக்கு முற்பட்டது என்ற பேச்சை அத்தோடு விட்டுவிடலாம், ஏனெனில் பி.எஸ்.ஏ.யின் மடிகுழல் துப்பாக்கிகள் 1930-களிலும் அதற்குப் பிறகும் வந்தவை. 'மெட்டியர்' என்று பெயர் இருந்தால் 1959-க்கு முன்னால் போகவே வேண்டாம்.

அடுத்தது காப்புரிமை எண். இதைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிரிட்டனில் 1915 முடியும்வரை காப்புரிமை எண்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கின. அதனால் எண்ணோடு ஆண்டையும் சேர்த்துக் குறிப்பது வழக்கம். 1916 முதல் 1,00,001-இல் தொடங்கி ஒரே தொடராக எண் இட்டார்கள். ஆறு இலக்கப் பிரிட்டிஷ் காப்புரிமை எண் ஒன்று உலோகத்தில் பொறிக்கப்பட்டிருந்தால், அந்தத் துப்பாக்கி 1916-க்குப் பிற்பட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சிறிய எண்ணோடு ஆண்டு இருந்தால் மட்டும் அவசரப்படக் கூடாது. காப்புரிமை பெற்ற ஆண்டு அது, செய்த ஆண்டு அல்ல. 1904-இன் காப்புரிமையைத் தாங்கிய துப்பாக்கி பல ஆண்டுகள் கழித்துச் செய்யப்பட்டதாக இருக்கலாம்.

குழலின் மேல் தனியாக 1, 2 அல்லது 3 என்ற எண் தென்பட்டால் அதை மாதிரி எண் என்று நினைத்துவிடாதீர்கள். அது துளையின் அளவு: 1 என்றால் 0.177 அங்குலம், 2 என்றால் 0.22, 3 என்றால் 0.25. இதை 'மூன்றாம் மாதிரி' என்று எழுதி விற்கும் விளம்பரங்களை இன்றும் பார்க்க முடிகிறது.

கடைசியாக வரிசை எண். சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் தொகுத்து வைத்திருக்கும் பட்டியல்களில் இதை ஒப்பிட்டுத்தான் ஆண்டைக் குறுக்குகிறார்கள். எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் அனுப்பினால் பயன் இல்லை, ஏனெனில் வெவ்வேறு மாதிரிகளுக்கு எண் தொடர் மறுபடியும் தொடக்கத்திலிருந்து போயிருக்கிறது. எழுத்து தேய்ந்திருந்தால் உப்புத்தாள் போட வேண்டாம். அறையை இருட்டாக்கி, கைவிளக்கை உலோகத்தோடு ஒட்டினாற்போல் படுக்க வைத்துப் பக்கவாட்டில் ஒளி விடுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் கறையாகத் தெரிந்தது, விளிம்பு மட்டும் நிழல் கட்டி, 3 வேறு 8 வேறு என்று பிரிந்து நிற்கும். அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பர்மிங்காமில் சோதனைக் கூடம் 1813 முதல் இருக்கிறது என்றும், அங்கே செய்த துப்பாக்கிகளுக்கு அதன் முத்திரை உண்டு என்றும் படித்தேன். என் ஏர்கன்னில் அந்த முத்திரை எங்குமே இல்லை. போலியா?

பதில்: போலி அல்ல. வெடிமருந்தின் அழுத்தத்தைக் குழல் தாங்குமா என்று பார்ப்பதற்கான சோதனை அது. சாதாரணக் காற்றுத் துப்பாக்கிக்கு அந்தச் சோதனை கட்டாயம் இல்லை. முத்திரை இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: வெப்லி காற்றுக் கைத்துப்பாக்கி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1920-களில் செய்தது என்கிறார்கள். அதன்மேல் ஹேண்ட்ஸ்வொர்த் என்ற ஊர்ப் பெயர் இருக்கிறது. நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். வெப்லி அண்டு ஸ்காட் நிறுவனம் 1924-இல் காற்றுக் கைத்துப்பாக்கி விற்கத் தொடங்கியபோது, பர்மிங்காமின் துப்பாக்கித் தொழிலாளர் பேட்டையில் வீமன் தெருவில் இருந்தது. ஹேண்ட்ஸ்வொர்த்துக்கு அது போனது 1950-களின் இறுதியில். விற்பவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. 'தாத்தாவுடையது' என்று குடும்பத்தில் சொல்லப்படும் பொருளெல்லாம் தாத்தாவின் இளமைக்காலத்துப் பொருளாக ஆகிவிடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அவர் அதை அறுபது வயதில் வாங்கியிருக்கலாம் அல்லவா? முகவரி பொறித்த பழைய பொருள்களில் முகவரியைத்தான் முதலில் நம்ப வேண்டும்.

கேள்வி: அச்சாக ஒரே மாதிரி இருக்கும் துப்பாக்கிகளை மூன்று பெயர்களில் பார்த்துவிட்டேன். ஒன்றில் டயானா, ஒன்றில் ஒரிஜினல், ஒன்றில் வின்செஸ்டர். இவற்றில் யார் யாரைப் பார்த்துக் காப்பி அடித்தார்கள்? ஸ்காட்லாந்தில் செய்த டயானாவும் உண்டு என்கிறார்களே?

பதில்: காப்பி அடித்த கதை அல்ல இது, போரில் தோற்றதால் பெயரை இழந்த கதை. ஜெர்மனியின் ராஸ்டாட் நகரில் 1890-இல் மேயர், கிராமெல்ஸ்பாக்கர் என்ற இருவர் தொடங்கிய நிறுவனத்தின் வணிகப் பெயர்தான் டயானா. வில்லையும் அம்பையும் கீழே எறிந்துவிட்டுக் காற்றுத் துப்பாக்கியைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்து நிற்கும் ரோமானிய வேட்டைத் தெய்வம்தான் அதன் சின்னம். தன் பொருளைப் பற்றி இவ்வளவு தன்னம்பிக்கையோடு வரையப்பட்ட சின்னத்தை வேறு எந்தத் துப்பாக்கியிலும் நான் பார்த்ததில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்த ஆலையின் இயந்திரங்களும் டயானா என்ற பெயரும் ஸ்காட்லாந்தின் மதர்வெல்லில் இருந்த மில்லர்டு பிரதர்ஸ் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மில்ப்ரோ என்று அறியப்பட்ட அந்த நிறுவனம் பழைய ஜெர்மன் வடிவங்களை அங்கே டயானா என்ற பெயரிலேயே செய்தது. ராஸ்டாட்டில் 1950-இல் மீண்டும் உற்பத்தி தொடங்கியபோது, தங்கள் சொந்தப் பெயரில் பிரிட்டனில் விற்க அவர்களுக்கு வழியில்லை. அதனால் பிரிட்டனுக்கு வந்த துப்பாக்கிகளில் 'ஒரிஜினல்' என்று பொறித்தார்கள். கோபத்தை ஒரே சொல்லில் அடக்கிய பெயர் அது. மில்ப்ரோ ஓய்ந்தபின், 1984-இல்தான் பெயர் ஜெர்மானியர் கைக்குத் திரும்பியது.

வின்செஸ்டர் என்ற பெயர் வந்தது வேறு காரணத்தால். அமெரிக்காவில் அந்த நிறுவனம் 1969 முதல் சில ஆண்டுகள் இதே ஜெர்மன் துப்பாக்கிகளை வாங்கித் தன் பெயரில் விற்றது. டயானா 27 என்ற மாதிரி அங்கே வின்செஸ்டர் 427 ஆயிற்று. அதையே ஹை-ஸ்கோர் என்ற நிறுவனம் 807 என்ற எண்ணில் விற்றது. ஆகவே நீங்கள் பார்த்த மூன்றில் டயானா என்று எழுதிய ஒன்றை மட்டும் எங்கே செய்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டும் ராஸ்டாட்டில் பிறந்தவை.

ஜெர்மன் துப்பாக்கிகளின் காலத்தைக் கண்டுபிடிப்பது ஆங்கிலத் துப்பாக்கிகளைவிட எளிது. போருக்குப் பிந்தைய டயானாவில், வில் அடங்கிய உருளையான காற்றறையின் பின்பகுதியில் மரக்கட்டையை ஒட்டி மிகச் சிறிய இலக்கங்களில் மாதமும் ஆண்டும் பொறித்திருப்பார்கள். எண்ணெய்க் கறையைத் துடைத்தால் '06 82' என்பதுபோல் தெரியும். ஐங்கோணத்துக்குள் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், 7.5 ஜூலுக்கு மேல் வலுவில்லாத துப்பாக்கி என்று ஜெர்மனியில் 1970 முதல் இடப்படும் அடையாளம் அது. ஆகவே அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஆனால் அந்த எழுத்து இல்லாததால் மட்டுமே 1970-க்கு முந்தையது என்று சொல்லிவிடாதீர்கள். வெளிநாட்டு விற்பனைக்குச் செய்தவற்றில் அது இல்லாமலும் இருக்கும். 'மேற்கு ஜெர்மனியில் செய்தது' என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் நடுவே. 'டி.ஆர்.ஜி.எம்.' என்ற நான்கு எழுத்துகள் இருந்தால், 1891-இல் தொடங்கி ஜெர்மன் பேரரசின் பெயரால் இரண்டாம் போர் முடியும்வரை வழங்கிய வடிவப் பதிவு அது.

கேள்வி: வரிசை எண்ணை வைத்து, இந்தத் துப்பாக்கியை முதலில் வாங்கியவர் யார் என்று பதிவேடு பார்த்துச் சொல்ல முடியுமா?

பதில்: முடியாது. அப்படி ஒரு பதிவேடு இருந்ததே இல்லை. 1870-ஆம் ஆண்டுத் துப்பாக்கி உரிமச் சட்டப்படி, வீட்டு வளாகத்துக்கு வெளியே துப்பாக்கியை எடுத்துச் செல்பவர் ஆண்டுக்கு பத்து ஷில்லிங் கட்டி உரிமச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது; காற்றுத் துப்பாக்கியும் அந்தச் சட்டத்தில் சேர்ந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் அந்தச் சீட்டு ஆளுக்குத்தான், ஆயுதத்துக்கு அல்ல. அதில் எண் எதுவும் எழுதப்படவில்லை.

வாங்கியவரை விட்டுவிட்டு விற்றவரைத் தேடினால் பலன் உண்டு. காற்றறையின் மேல் கடைக்காரர் தன் பெயரையும் தெருவையும் பொறித்து விற்பது அந்தக் காலத்தில் சாதாரணம். கெல்லி நிறுவனம் ஊர்வாரியாக வெளியிட்டு வந்த வணிக விவரத் திரட்டுகளில் அந்தப் பெயர் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த முகவரியில் வருகிறது என்று பாருங்கள். லெஸ்டர் பல்கலைக்கழகம் இத்தகைய திரட்டுகள் பலவற்றை மின்வடிவமாக்கி இலவசமாகவே வைத்திருக்கிறது. கடை அந்தத் தெருவில் ஏழு ஆண்டுகள்தான் இருந்தது என்று தெரிந்தால், உங்கள் துப்பாக்கி விற்கப்பட்ட காலமும் அந்த ஏழு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. அதற்குமேல் வேண்டுமானால் கட்டையில் யாரேனும் கத்தியால் கீறிய முதலெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிப் பையன்கள் இந்த விஷயத்தில் நம்பத்தக்கவர்கள்.

கேள்வி: ஒரு விளம்பரத்தில் இப்படி இருந்தது: 'ஆக்‌ஷன் கிளார்ட்டி, ஸைட்ஸ் ஆன் தி ஹு, வாண்ட்ஸ் ஃபெட்டிலிங், அதர்வைஸ் பாஸ்டின்.' ஆங்கிலம் நன்றாகப் படித்தவன் என்ற நினைப்பில் இருந்த எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இதை வாங்கலாமா, கூடாதா?

பதில்: நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. லண்டனில் பிறந்தவர்களில் பலருக்கும் இது முழுதாக விளங்காது. வெவ்வேறு வட்டாரங்களின் சொற்கள் இந்த ஒரு வரியில் கூடியிருக்கின்றன. எழுதியவர் பல ஊர் மாறியவராக இருக்க வேண்டும், அல்லது வேண்டுமென்றே விளையாடுகிறார்.

'ஆக்‌ஷன்' என்பது துப்பாக்கியின் இயங்கும் பகுதி. 'கிளார்ட்டி' என்பது வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வழங்கும் சொல். பிசுபிசுவென்று அழுக்கு அப்பியிருப்பதைச் சொல்லும். பழைய துப்பாக்கியைப் பொறுத்தவரை இது கெட்ட செய்தி அல்ல. எப்போதோ விட்ட எண்ணெய் தூசியோடு சேர்ந்து களிம்பாகிவிட்டது என்று பொருள். அந்தக் களிம்புக்கு அடியில் துரு அண்டாத உலோகம் கிடைப்பது உண்டு. துடைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய துப்பாக்கியைவிடக் கிளார்ட்டியான துப்பாக்கியையே நான் விரும்புவேன்.

'ஆன் தி ஹு' என்பது நார்ஃபோக், சஃபோக் பக்கத்துப் பேச்சு. கோணலாக, ஒருபக்கம் சாய்ந்து என்று அர்த்தம். நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். ஸைட்ஸ் எனும் குறிபார்க்கும் உறுப்பு சாய்ந்திருக்கிறது என்றால் அதைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கலாம், அது ஒன்றுமில்லை. மடிகுழல் துப்பாக்கியானால் வேறொரு சாத்தியம் இருக்கிறது: குழல் திறந்த நிலையில் யாராவது விசையை இழுத்திருந்தால், வில்லின் முழு வலுவும் குழலைப் படாரென்று மேலே அடித்திருக்கும், குழல் மூட்டருகே மேல்நோக்கி வளைந்துபோயிருக்கும். பக்கவாட்டிலிருந்து குழலின் விளிம்போடு ஓர் அளவுகோலை வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படத்தை அனுப்பத் தயங்கினால் வாங்க வேண்டாம்.

'ஃபெட்டில்' என்பது யார்க்‌ஷயர் உள்ளிட்ட வட பகுதிகளில் ஒன்றைச் செப்பனிட்டுச் சீராக்குவதைக் குறிக்கும்; வார்ப்படத் தொழிலிலும் பீங்கான் தொழிலிலும், வார்த்தெடுத்த பொருளின் ஓரப்பிசிறுகளை நீக்கும் வேலைக்கு அதுவே தொழிற்பெயர். விற்பவர் இந்தச் சொல்லைப் போடும்போது 'கொஞ்சம் வேலை இருக்கிறது' என்கிறார். எவ்வளவு வேலை என்பதை அந்தச் சொல் சொல்லாது. சில துளி எண்ணெயும் ஃபெட்டிலிங்தான், வில்லும் அது தள்ளும் உந்துதண்டும் புதிதாகப் போடுவதும் ஃபெட்டிலிங்தான். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

'பாஸ்டின்' என்றால் பிரமாதம். பர்மிங்காமுக்கு மேற்கே, நிலக்கரியும் இரும்பும் கறுக்க வைத்ததால் கறுப்பு நாடு என்று பெயர் பெற்ற பகுதியின் சொல் இது. துப்பாக்கிகளின் விசைப்பூட்டை அரத்தால் ராவிச் செய்த டார்லஸ்டன் அங்கேதான் இருக்கிறது. அதே பகுதியில் 'ஃபிட்டில்' என்று ஒரு சொல் உண்டு. அதற்குச் சாப்பாடு என்று பொருள். துப்பாக்கி ஃபெட்டில் வேண்டி நிற்கிறதா, விற்பவர் ஃபிட்டில் சாப்பிடப் போயிருக்கிறாரா என்று காதால் மட்டும் கேட்டால் குழப்பம்தான்.

இத்தகைய சொற்களுக்குச் சிறந்த துணை, ஜோசப் ரைட் தொகுத்து 1898-க்கும் 1905-க்கும் இடையே ஆறு பகுதிகளாக வெளிவந்த ஆங்கில வட்டார வழக்கு அகராதி. யார்க்‌ஷயரில் சிறுவயதிலேயே ஆலை வேலைக்குப் போய், பதினைந்து வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்து, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரானவர் அவர். அந்தச் சொற்களில் பலவற்றை அவர் தேடிப் போகத் தேவையில்லாமல் தாயிடமிருந்தே கேட்டிருப்பார்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பேச்சு விற்பவரின் ஊரைக் காட்டும், துப்பாக்கியின் ஊரை அல்ல. பாஸ்டின் என்று சொன்னார் என்பதற்காக அது பர்மிங்காமில் செய்தது என்று எடுத்துக்கொண்டு, மரக்கட்டையை ஒட்டியிருந்த ஜெர்மன் தேதியைப் பார்க்காமல் பணம் கொடுத்தவர்கள் உண்டு.

கேள்வி: நான் இடக்கைப் பழக்கம் உள்ளவள். இடக்கைக்குத் தோதான பழைய துப்பாக்கி வேண்டும் என்று மூன்று பேருக்கு எழுதினேன். ஒருவர் 'கெகி' என்றும், ஒருவர் 'கொரி-ஃபிஸ்டட்' என்றும், ஒருவர் 'கடி-விஃப்டர்' என்றும் பதில் எழுதியிருக்கிறார்கள். இவை எந்த நிறுவனத்தின் மாதிரிகள்?

பதில்: மூன்றும் மாதிரிகள் அல்ல, அம்மா, உங்களைத்தான் சொல்கிறார்கள். மூன்றுக்கும் இடக்கையர் என்றே பொருள். கெகி என்றவர் மத்திய இங்கிலாந்துக்காரர், கொரி-ஃபிஸ்டட் என்றவர் ஸ்காட்லாந்துக்காரர், கடி-விஃப்டர் என்றவர் வடகிழக்கில் நியூகாசில் பக்கத்தவர். லங்காஷயர்க்காரர் ஒருவருக்கு எழுதியிருந்தால் 'கே-பாவ்டு' என்று நான்காவது மாதிரியும் கிடைத்திருக்கும்.

ஆங்கிலத்தில் ஊருக்கு ஊர் மாறும் சொற்களில் இடக்கையைக் குறிப்பவை முன்வரிசையில் நிற்கின்றன. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்டு ஆர்டன் தலைமையில் 1950 முதல் 1961 வரை 313 ஊர்களில், பெரும்பாலும் வயதான கிராமத்தாரிடம் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட கேள்விகளைக் கேட்டு நடத்திய வட்டார வழக்கு ஆய்வில் இதுவும் ஒரு கேள்வி. ஸ்காட்லாந்துச் சொல்லை எல்லைப்புறத்துக் கெர் குலத்தோடு சேர்த்துச் சொல்லும் கதை ஒன்று வழங்குகிறது. அந்தக் குலத்தார் இடக்கையால் வாள் சுழற்றியவர்கள் என்றும், அதற்கேற்பத் தங்கள் கோட்டையின் சுழற்படிக்கட்டையே எதிர்ப்புறமாகத் திருப்பிக் கட்டினார்கள் என்றும் சொல்வார்கள். கதையாகவே வைத்துக்கொள்வோம்.

இனி துப்பாக்கிக்கு வருவோம். கன்னத்தை வைப்பதற்கான மேடு கட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் அது வலக்கையருக்குச் செய்தது. பழைய சாதாரணத் துப்பாக்கிகள் பலவற்றில் அந்த மேடே இல்லை. கட்டை இருபுறமும் ஒத்திருக்கும். ஆகவே இலக்குப் போட்டிக்கென்று செய்தவற்றைத் தவிர்த்துவிட்டு எளிய மாதிரிகளைத் தேடினால் 'இடக்கைத் துப்பாக்கி' என்று தனியாகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: வயதான சேகரிப்பாளர்கள் ரவையை 'ஸ்லக்' என்கிறார்கள். கடையில் ஸ்லக் என்று கேட்டு வாங்கலாமா?

பதில்: கூடாது. முந்தைய தலைமுறைக்கு எல்லா ஏர்கன் ரவையும் ஸ்லக்தான். ஆஸ்திரேலியாவில் ஏர்கன்னையே ஸ்லக் கன் என்று சொல்வார்கள். இன்றைய கடையில் அந்தப் பெயரில் கொடுப்பது இடை குறுகாத, கனமான, தோட்டா வடிவ ரவை. அது அழுத்தக் காற்றைக் கலனில் அடைத்துச் சுடும் புதிய துப்பாக்கிகளுக்கானது. உங்களுக்கு வேண்டியது இடை குறுகிய சாதாரண ஈய ரவை. பழைய பிரிட்டிஷ் 0.22 குழல்களில் 5.5 மில்லிமீட்டர் ரவை தளர்வாக விழுந்தால் 5.6 என்று குறித்ததைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: கிடைத்த துப்பாக்கியைப் புதிதுபோல் ஆக்கிவிட ஆசை. கறுப்புப் பூச்சும் போட்டுவிடலாம் அல்லவா?

பதில்: ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். மெருகேற்றும்போது முதலில் போவது பொறிப்புகளின் கூர்மை. அது போனால் காலத்தைக் கண்டுபிடிக்கும் வழியும் விலையும் சேர்ந்தே போகும். மெல்லிய எண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, துரு ஓடிய இடத்தில் மட்டும் மிக மெல்லிய எஃகு நாரால் மெதுவாகத் தேய்த்தால் போதும்.

உள்ளே இருப்பது வேறு விஷயம். பழைய துப்பாக்கியின் உந்துதண்டு முனையில் காற்றை அடைப்பது தோல் வளையம். பல ஆண்டுகள் சும்மா கிடந்தால் அந்தத் தோல் காய்ந்து சுருங்கி, இழுத்த வில் முழு வலுவோடு பாய்ந்தாலும் காற்று பக்கவாட்டில் கசிந்து ரவை பொத்தென்று பக்கத்திலேயே விழும். பலர் உடனே வில்லை மாற்றுகிறார்கள். தோலுக்கான எண்ணெயில் சில துளி விட்டு, துப்பாக்கியை நிமிர்த்தி ஓரிரு நாள் வைத்தாலே பாதித் துப்பாக்கிகள் உயிர்பெறும். முதல் சில முறை புகை வரும். அளவுக்கு மீறி எண்ணெய் விட்டிருந்தால் அது உள்ளேயே பற்றி வெடிப்பதும் உண்டு, ஆகவே கையை அடக்கி விடுங்கள். ரவை இல்லாமல் சுட வேண்டாம். எதிரே தடுக்கும் காற்றணை இல்லாததால் உந்துதண்டு உலோகத்தில் போய் மோதும். வில்லை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் பின்பக்கத் திருகைக் கழற்றவே கூடாது. அங்கே நிற்கும் விசை முகத்தைக் கிழிக்கும்.

கேள்வி: கார்ன்வாலில் இருக்கும் ஒருவரிடம் விலை பேசி முடித்தேன். 'டிரெக்லி அனுப்புகிறேன்' என்றார். டைரக்ட்லி என்பதன் உச்சரிப்புத்தானே, உடனே அனுப்புவார் என்று காத்திருக்கிறேன். மூன்று வாரம் ஆகிவிட்டது.

பதில்: உச்சரிப்பைச் சரியாகவே பிடித்துவிட்டீர்கள், பொருள்தான் வழியில் மாறிவிட்டது. கார்ன்வாலில் டிரெக்லி என்றால் எப்போதாவது ஒருநாள் என்று அர்த்தம், அவசரம் என்பது அதில் கிஞ்சித்தும் இல்லை. தெற்கு வேல்ஸில் 'நவ் இன் எ மினிட்' என்று சொன்னாலும் நிலைமை ஏறக்குறைய இதுதான்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் தனிநபரா, வணிகரா? 2006-ஆம் ஆண்டு வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டத்தின்படி, காற்றுத் துப்பாக்கியை வணிகமாக விற்பவர் அதைத் தபாலில் நேரே வீட்டுக்கு அனுப்ப முடியாது. நேருக்கு நேர் கையில் கொடுக்க வேண்டும், அல்லது உங்கள் பக்கத்தில் உள்ள பதிவு பெற்ற வணிகருக்கு அனுப்பி அவர் மூலம் ஒப்படைக்க வேண்டும். வாங்குபவர் பதினெட்டு வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். நீங்கள் ஸ்காட்லாந்தில் இருப்பவரானால் 2016 டிசம்பர் 31 முதல் காற்றுத் துப்பாக்கிக்குச் சான்றிதழ் வேண்டும்; வடக்கு அயர்லாந்திலும் ஒரு ஜூலுக்கு மேற்பட்ட எதற்கும் உரிமம் உண்டு. அது கையில் இல்லையென்றால் அவர் டிரெக்லியாக இருப்பதே நல்லது. இருந்தால், கிழமையும் தேதியும் குறிப்பிட்டு, எந்தக் கடையில் ஒப்படைப்பார் என்று எழுதிக் கேளுங்கள்.